இருமல் விழுந்த இடம்

சர்வேசுரன் துணை

திண்டுக்கல்,
12–4–67

என் அன்பு மகள் லூர்தம்மாளுக்கு அப்பா சூசைராஜ் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். கோயில் உபதேசியார் பொய் எழுதக்கூடாது என்பதால் உயிரோடு என்று எழுதியிருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ராயப்பராஜும் பிலாய் போய்ச் சேர்ந்ததற்குப் போட்ட கார்டு கிடைத்தது. மாப்பிள்ளைக்கு லீவு கொடுத்த அந்த இரும்புத் தொழிற்சாலை அதிகாரி நன்றாக இருக்கட்டும்.

நீ ரயில் ஏறிய பிறகு உன் அம்மா வீட்டுக்கு வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாதத்தில் விழுந்த கை முன்னைக்குத் தேவலை. வலது கையால் தம்ளரைப் பிடிக்கிறாள், இரண்டு கையும் சேர்த்தால் தூக்கியும் விடுகிறாள். காலை இழுத்து இழுத்துக் கொல்லை வரை போய் வருகிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், நெற்றி சுருங்குகிறது, உள்ளே எதையோ தேடுகிறாள், பிறகு மூடிக்கொள்கிறாள். நான் சொல்வது அவ்வளவும் அவளுக்குப் புரிகிறது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

உனக்கே தெரியும், இந்த வீட்டில் ஜெபம் என் இலாகா, பேச்சு அவள் இலாகா. மில்லில் நூல் சுற்றுகிற மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள், வீட்டிலும் அதே சுருதிதான். நான் பிரசங்கம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால், இங்கே யாருக்குக் காது கேட்கவில்லை, கொஞ்சம் மெதுவாகப் பேசேன் என்று எத்தனை தடவை சிடுசிடுத்திருப்பேன். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. பிரசங்கம் ஒன்றும் தோன்றுவதில்லை.

இன்சூரன்ஸ் டிஸ்பென்சரி டாக்டர் நல்ல மனுஷர். மாத்திரை கொடுக்கிறார், ரத்த அழுத்தம் பார்க்கிறார், எல்லாம் அவள் மில் இன்சூரன்ஸ் அட்டையில்தான், கால் காசு கேட்பதில்லை. அரைச் சம்பளமும் வருகிறது. பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, 'பேச்சு மருந்துல வராது உபதேசியாரே, பழக்கித்தான் வரணும். கொழந்தைக்குப் பழக்குற மாதிரி' என்றார். அப்படிப் பழக்குகிறவர் நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறாராம். சுந்தரம்மாள் என்று பெயர். மதராசில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, ஓய்வு பெற்று, இங்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு எடுத்து, வாய் பேசாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாராம். வாதம் வந்து பேச்சு போனவர்கள் இரண்டு பேரைப் பேச வைத்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார்.

நாளைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். அட்டையைக் கையோடு எடுத்துப் போகிறேன். உன் அம்மாவின் கூலியில் வாராவாரம் இன்சூரன்சுக்கென்று பிடித்திருக்கிறார்கள். ஒரு வாரம்கூட விட்டதில்லை. அதனால் பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. அம்மா உன் கார்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தாள். அவள் ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சூசைராஜ்

சர்வேசுரன் துணை

திண்டுக்கல்,
3–6–67

அன்பு மகள் லூர்தம்மாளுக்கு அப்பாவின் ஆசீர்.

போன மாதம் எழுதாததற்குக் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். உன் அம்மா கோபமேதான். எழுத்திலாவது அந்தக் கோபத்தைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம். நான் சும்மா இருக்கவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நடந்து என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். சுந்தரம்மாள் டீச்சர் அட்டையை வாங்கமாட்டார். திமிரினால் இல்லை. 'நான் டாக்டர் இல்லைங்க ஐயா. அந்த அட்டைய வாங்கி நான் எங்க கொண்டு போயி நீட்டுறது?' என்று கேட்டார். நியாயம்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் கேட்டால், டாக்டர் கையெழுத்துப் போட்ட பில் இருந்தால் பார்க்கலாம், டீச்சர் பில்லுக்குப் பணம் கிடையாது என்கிறார்கள். நம் டிஸ்பென்சரி டாக்டர் பாவம், இந்த அம்மாளுக்குப் பேச்சுப் பயிற்சி அவசியம் என்று இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது மேலே எங்கேயோ போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அங்கே இருக்கிற குமாஸ்தா எனக்கு அர்த்தம் சொன்னார். 'நாக்குல புண்ணுன்னா மருந்து உண்டு. ஊசி உண்டு, பெட்டு உண்டு. பேச்சுக்கு ரூல்ல எடமில்ல ஐயா.' அவர் சிரிக்கவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. நாக்கு சர்க்காருடையது, பேச்சு என்னுடையது என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே கையை விட்டுத்தான் கொடுக்கிறேன். ஒரு நாள் பாடத்துக்கு மூன்று ரூபாய். எனக்குப் பங்குக் கோயிலில் கொடுக்கிற மாதச் சம்பளம் பத்து நாள் பாடத்துக்குத்தான் காணும். உன் அம்மாவுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் அக்பர் அலியின் குதிரை வண்டி. அவர் கூலியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் போகிறோம். ஆடு இரண்டையும் விலைக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், தலையாட்டினாள். அது சரி என்கிற ஆட்டலா வேண்டாம் என்கிற ஆட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் ஆட்டுகிறாள்.

இனி நல்ல செய்தி. டீச்சர் கெட்டிக்காரி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன அது என்ன என்று கேட்டார், ஒன்றும் வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, இவர்களுக்கு மனப்பாடமாய் என்னவெல்லாம் தெரியும், பாட்டோ கணக்கோ என்று விசாரித்தார். யோசித்துப் பேசுகிற பேச்சு போனாலும், ஆயிரம் தரம் சொல்லிப் பழகினது சில பேருக்கு உள்ளே அப்படியே இருக்குமாம், அதன் வாலைப் பிடித்து இழுத்தால் வெளியே வருமாம். உன் அம்மாவுக்கு ஜெபத்தை விட்டால் வேறு என்ன மனப்பாடம்? உட்கார்ந்த இடத்திலேயே எல்லா ஜெபத்தையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். டீச்சர் சிவன் கோயிலுக்குப் போகிறவர், நம் ஜெபம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

போன வாரம் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டீச்சர் ராகம் போட்டு ஆரம்பிக்கிறார், பின்னாலேயே உன் அம்மா குரல். லூர்து, அவள் குரல்! கரகரவென்று, எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, 'சேசு... மரி...' என்று வந்தது. அப்புறம் ஒரு இருமல்.

அந்த இருமலைக் கேட்டதும் நான் சிரித்தேன், அழுதேன், பெஞ்சியில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். உனக்குத் தெரியாததா? கலியாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். புருஷனுக்கோ சூசையப்பர் பெயர். மாலை ஜெபத்தில் ஊரே சேசு மரி சூசை என்று சொல்லும்போது, உபதேசியார் பெண்சாதி மட்டும் மூன்றாவது பெயர் வருகிற இடத்தில் இருமிவிட்டு மேலே போவாள். பெரிய சாமியார்கூட ஒரு தரம், செபாஸ்தியம்மாளுக்குச் சளி தீரவே தீராதா என்று கேலி செய்தாரே. நோய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயும் அந்த இருமலை விட்டு வைத்திருக்கிறது.

இப்போது பூசையே லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டது. சாமியார் அந்த வயதில் தட்டித் தடவிப் புதிதாய்ப் படிக்கிறபோது, உன் அம்மா படிக்கமாட்டாளா? எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஆசீர்.

உன் அப்பா
சூசைராஜ்

சர்வேசுரன் துணை

திண்டுக்கல்,
20–8–67

என் கண்ணான மகளுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். நீ உண்டாகியிருக்கிற சேதியைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையாலேயே பிடித்தாள். தை மாசம் என்று எழுதியிருக்கிறாய். மாதா உன்னைக் காப்பாளாக. பாரம் தூக்காதே. அந்த ஊர்ச் சப்பாத்தி பிடிக்காவிட்டால் கஞ்சி வைத்துக் குடி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் முறை. அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன், நீயும் கேட்காதே.

நீ அனுப்பிய மணியார்டர் வந்தது. மகள் காசை வாங்கிக் கையெழுத்துப் போட எனக்குக் கை கூசிற்று. ஆனாலும் போட்டேன். அது ஒரு மாதப் பாடத்துக்கு ஆயிற்று.

அந்த மாதத்தில் நடந்ததை எழுதுகிறேன். டீச்சர் வீட்டிலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். கடைத்தெரு முக்கில் யாரோ, 'சூசை' என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் ஏது? சாமியாரிலிருந்து சந்தைக்காரன் வரைக்கும் உபதேசியார்தான். வண்டி ஓட்டுகிற அக்பர் அலியும் தலையைத் திருப்பி, 'யாரும்மா அது சூசை?' என்று கேட்டார். இத்தனை காலம் பழகியவருக்கே என் பெயர் தெரியாது. அப்போதுதான் பார்த்தேன். கூப்பிட்டது உன் அம்மா.

அவள் வாயில் என் பெயரை நான் கேட்டதே கிடையாது. கோபத்தில் கிடையாது, நீ பிறந்த அன்று வலியில் துடித்தபோதும் கிடையாது. வண்டியை நிறுத்தச் சொல்லி மிட்டாய் வாங்கினேன். அக்பர் அலிக்கும் கொடுத்தேன். உன் அம்மா மிட்டாயைப் பார்த்து, 'சூசை' என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ப் பானையைக் காட்டி, சூசை என்றாள். சோற்றுக்கும் சூசை. பக்கத்து வீட்டு மூக்காயி எட்டிப் பார்த்து, 'என்னக்கா, பேச்சு வந்துருச்சாமே' என்று கேட்டதற்கும் சூசை. மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மறுநாள் ஞாயிறு. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற இடத்தில் சாமியார் முன்னால் ஆமென் என்று சொல்வதற்குப் பதிலாகவும் அதுவே வந்தது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு நன்மையைக் கொடுத்தார்.

டீச்சரிடம் ஓடினேன். எப்படி இந்தப் பெயர் ஒன்றே ஒட்டிக்கொண்டது என்று கேட்டேன். அவர் நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். 'மூணாவது வார்த்தைக்கு வாரப்பெல்லாம் தொண்டையச் செருமுறாங்க ஐயா. அந்த எடத்துலதான் சிக்கிக்கிருக்குன்னு நெனச்சேன். அதையே பிடிச்சு நாளு பூராப் பழக்கினேன். தொண்டையத் தடவி, ஒதட்டப் பிடிச்சு, ரொம்பப் பாடுபட்டுத்தான் கொண்டாந்தேன்' என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். 'எனக்கு உபதேசியார்னுதானேங்க தெரியும்' என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். தாளில் அந்தப் பெயர் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. யாரை நோக?

பயிற்சியில் முதலில் வருகிற வார்த்தை சில பேருக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிடுமாம். பின்னால் இருப்பது எதுவும் வெளியே வராதாம். மெல்ல மெல்ல அதைத் தள்ளி நிறுத்தி மற்றதைக் கூட்டி வர வேண்டும், அதற்கு ஒரு வருஷமாவது ஆகும், விடாமல் வர வேண்டும், விட்டால் இது இறுகிப் போகும் என்கிறார். இனிமேல் பாதிப் பணம் போதும் என்றும் சொன்னார். அவரும் விதவை. அவர் அடுப்பும் இந்தப் பாடத்தில்தான் எரிகிறது. பாதி என்று அவர் சொன்னபோது எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பாதிக்கு எங்கே போவது என்றுதான் யோசித்தேன்.

நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

உன் அப்பா
சூசைராஜ்

சர்வேசுரன் துணை

திண்டுக்கல்,
15–10–67

அன்பு மகள் லூர்தம்மாளுக்கு ஆசீர்.

மழை நன்றாகப் பெய்கிறது. தாடிக்கொம்புப் பக்கம் சோளம் செழிப்பாக நிற்கிறதாம். அதற்கு மேல் நல்ல செய்தி இல்லை.

இன்சூரன்சில் அரைச் சம்பளம் நின்றுவிட்டது. அவர்கள் கொடுக்க வேண்டிய வாரமெல்லாம் தீர்ந்துவிட்டதாம். மில்லிலும் உன் அம்மா பெயரை எடுத்துவிட்டார்கள். வேலையில் இல்லாதவளுக்கு அட்டையும் இல்லை என்று, அந்த மாத்திரையையும் இனி காசுக்கு வாங்கச் சொல்கிறார்கள். டிஸ்பென்சரி டாக்டர் தன் மேஜையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துக் கையில் திணித்தார். பேச்சுக்குத்தான் அந்த அட்டை ஆகாது என்று இருந்தோம், இப்போது எதற்கும் ஆகாது.

போன வாரம் உன் மாமனார் மரியசெல்வம் கொடைரோட்டிலிருந்து வந்திருந்தார். வாழைத்தார் கொண்டுவந்தார். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் ஆரம்பித்தார். 'சம்பந்தி, மருந்துக்குன்னா பரவாயில்ல. எம் மகன் வெயில்லயும் நெருப்புலயும் நின்னு சம்பாரிக்கிறது பேசுறதுக்குக் கூலியா? இம்புட்டு நாளு போயி என்ன வந்துச்சு?' என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து உன் அம்மா உள்ளேயிருந்து அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்து, 'சூசை' என்றாள். அவர் மோரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வரப்போகிறது. இனி நீ மணியார்டர் அனுப்பக்கூடாது. மாப்பிள்ளை அனுப்பச் சொன்னாலும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன்.

சாமியாரிடம் கேட்டேன், ஏழைகள் பெட்டியிலிருந்து ஒரு தரம் கொடுத்தார். அக்பர் அலி கூலியே வேண்டாம் என்று சில நாள் கொண்டுபோனார், பிறகு குதிரைக்குக் கால் போயிற்று. டீச்சர் ஆள் விட்டுச் சொன்னார், சும்மாவே வாருங்கள் என்று. போனோம். எங்களுக்குப் பாடம் நடத்துகிற நேரத்தில் பணம் கொடுத்துப் படிக்க வந்த பிள்ளை வாசலில் காத்து நிற்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பன் முறைக்கிறான். அடுத்த தரம் போனபோது டீச்சர் வீட்டில் உலை வைக்காமல் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குப் போக மனசு வரவில்லை. நிறுத்திவிட்டேன், லூர்து. எழுதாமல் மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிகிறது. தான் சொல்வது என்ன என்று நன்றாகத் தெரிகிறது. வாயில் அந்தப் பெயர் வந்ததும் இடது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கண் கலங்குகிறது. குழாயடியில் பெண்கள் சிரிக்கிறார்கள். 'உபதேசியார் பொண்டாட்டிக்குப் புருசன் மேல இம்புட்டுப் பாசமா' என்று ஒருத்தி கேட்டாளாம். மூக்காயி அவளோடு சண்டைக்குப் போனாளாம். சிரித்ததோ சண்டை போட்டதோ, உன் அம்மா அதற்குப் பிறகு குழாயடிக்குப் போவதில்லை.

குரலை வைத்தே என்ன கேட்கிறாள் என்று புருஷனுக்குத் தெரிந்துவிடும் என்று சாமியார் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. நான் தண்ணீர் கொடுக்கிறேன், அவள் கேட்டது போர்வையாக இருக்கிறது. போர்வை கொடுக்கிறேன், கேட்டது வேறு என்னவோ. கடைசியில் அலுத்துப்போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். முப்பது வருஷம் உடன் வாழ்ந்து இதுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
சூசைராஜ்

சர்வேசுரன் துணை

திண்டுக்கல்,
8–12–67

என் மகள் லூர்தம்மாளுக்கு,

பிரசவத்துக்குக் கொடைரோட்டுக்கு உன் மாமியார் வீட்டுக்கு வருவாய் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். அதுதான் சரி. தாய் வீட்டுக்கு வரவேண்டியவளை அங்கே அனுப்புவது எனக்குத் தலைகுனிவுதான். ஆனால் வலி எடுக்கும் நேரத்தில் உன்னைப் பார்த்துக்கொள்ள இங்கே வாய் உள்ளவர்கள் இல்லை. ஏழாம் மாதம் நாங்கள் வளையல் போட வராததற்கு உன் மாமியார் ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள். பிள்ளை பிறந்த சேதி வந்ததும் அம்மாவை ரயிலில் அழைத்து வருகிறேன்.

நீ வருவதற்கு முன்னால் உன் அம்மாவைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் இப்போது அந்த ஒரு வார்த்தையையும் சொல்வதில்லை. மறந்து போகவில்லை. அடக்கிக்கொள்கிறாள். தாகம் எடுத்தால் கேட்பதில்லை, நான் கொடுக்கும் வரை இருக்கிறாள். கேட்க வாய் திறந்தால் என் பெயர் வந்துவிடுமே என்று உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். முந்தாநாள் அடுப்பில் சேலைத் தலைப்பு பட்டு எரிய ஆரம்பித்திருக்கிறது. நான் வாசலில் இருந்தேன். கூப்பிடவில்லை, லூர்து. கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். அவளாகவே அணைத்திருக்கிறாள். கையில் கொப்புளம். பயப்படும்படி இல்லை, மஞ்சள் தடவியிருக்கிறேன். கூப்பிடேண்டி, சத்தமாய்க் கூப்பிடு, பெயர்தானே, உன் புருஷன் பெயர்தானே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். இந்தத் தரம் அது இல்லை என்கிற ஆட்டல் என்று எனக்குத் தெரிந்தது.

சாமியாரை வரவழைத்து, இது பாவம் இல்லை என்று அவளுக்குச் சொல்லவும் சொன்னேன். சொன்னார். அவர் போன பிறகும் உதடு அப்படியேதான் இருக்கிறது. அவள் பாவத்துக்குப் பயப்படவில்லை. வெட்கப்படுகிறாள். வெட்கத்துக்கு மன்னிப்பு கொடுக்க எந்தச் சாமியாராலும் முடியாது.

டீச்சர் இந்த ஊரை விட்டு மதராசுக்கே போகிறாராம். போவதற்கு முன் வந்து அம்மாவைப் பார்த்தார். அவள் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி எதையும் எதிர்பார்க்க வேண்டாம் ஐயா என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை என்றேன். உண்மைதான்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்கக்கூடாததைக் கேட்கிறேன். மூத்த பிள்ளைக்கு அப்பனைப் பெற்றவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். உன் மாமனார் பெயர்தான் முறை. அது அவருக்குள்ள உரிமை, அவர் அதற்காகக் காத்துக்கொண்டும் இருப்பார். அவரிடம் நேரில் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ மாப்பிள்ளையிடம் சொல்லி அவர் மூலமாகக் கேள். கோபித்துக்கொண்டால் என்னைத் திட்டட்டும், வந்து காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். பிள்ளைக்கு என் பெயரை வை. எனக்கு என் பெயர் நிலைக்க வேண்டும் என்கிற ஆசை ஒரு துளியும் இல்லை. சர்வேசுரன் அறிய இல்லை.

ஊருக்கு முன்னால் அவள் பேரனைக் கூப்பிடுகிறாள் என்று இருக்கட்டும். வாயைப் பொத்தாமல் கூப்பிடட்டும். உலகத்தில் ஒரு உயிரையாவது அவள் சரியான பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். பெண்ணாகப் பிறந்தாலும் பரவாயில்லை, சூசையம்மாள் என்று வை. பாதிப் பெயரைத்தான் அவளால் சொல்ல முடியும். பிள்ளைக்கு அது போதும், ஓடி வரும்.

உன்னைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியாமல் வந்துவிடும். உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள். அழாதே, சிரிக்காதே, திருத்தாதே. என்னம்மா என்று கேள். அவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

உனக்கும், உன் வயிற்றில் இருக்கிற சூசைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

அப்பா